தனித் தாளில் ஒரு கையெழுத்து

அத்தியாயம் பதினொன்று

கிணத்துக்கடவு வீட்டில் ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தபோது மாமனார் லட்சுமணசாமி சொன்ன வார்த்தை, திங்கட்கிழமை காலை வரைக்கும் சண்முகப்பிரியாவின் மனசை விட்டு இறங்கவில்லை.

"ஆபீஸ்ல கம்ப்யூட்டர் வேலையெல்லாம் இனிச் சின்னவளும் சேந்து பாக்கட்டும். அவ படிச்சதே அதுதானே," என்றிருந்தார் அவர்.

சின்னவள் என்றால் வர்ஷினி. கவினின் மனைவி. தை மாதம் கல்யாணம் முடிந்ததும் பெங்களூர் ஐ.டி. வேலையை ராஜினாமா செய்துவிட்டு இந்த வீட்டுக்கு வந்தவள். சண்முகப்பிரியா மூத்த மருமகள். ரசத்தை ஊற்றிக்கொண்டே "சரிங்க மாமா" என்று சொல்லிவிட்டாள். பெரியவர் 'சேந்து' என்றுதான் சொன்னார். இவள் மனசு அதை விட்டுவிட்டு 'இனி' என்பதைப் பிடித்துக்கொண்டது.

பீளமேட்டில் ஒரு பழைய மில்லின் பின்சுவரை ஒட்டிய தெருவில் இருந்தது அவர்களுடைய பம்புக் கம்பெனி. முன்னால் ஆபீஸ், பின்னால் ஷெட், ஷெட்டின் கோடியில் பம்புகளை ஓட்டிப் பார்க்கும் டெஸ்டிங் அறை. பெரியவன், அவள் புருஷன் அருள்குமார் உற்பத்தியைப் பார்த்துக்கொள்ள, சின்னவன் கவின் வெளியூர் டீலர்களைப் பார்த்துக்கொண்டான். தாளில் அச்சாகி வெளியே போகிற எதுவும் சண்முகப்பிரியாவின் கையைத் தாண்டித்தான் போகும்.

அன்றைக்கு ஒரு முக்கியமான நாள். பொள்ளாச்சி ரோட்டுப் பக்கம் நாலைந்து ஊர்களுக்கான குடிநீர்த் திட்டத்துக்குப் பம்புகள் தயாராகி நின்றன. அந்த ஊர்களில் பழைய மோட்டார்கள் புகைந்துபோய், ஜனங்கள் லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைத்துக்கொண்டிருந்தார்கள். திட்டத்து இன்ஜினியர் வந்து பம்புகளைப் பார்த்து, சோதனைச் சான்றிதழ்களில் சீல் வைத்தால் மதியமே லாரி கிளம்பிவிடும். மறுநாளிலிருந்து அவர் லீவு. திருப்பதிக்குப் போகிறார். இன்றைக்கு விட்டால் அடுத்த வாரம்தான்.

காலையில் சண்முகப்பிரியா வேர்டில் ஒரு புதுப் பக்கத்தைத் திறந்தபோதே எழுத்து கொஞ்சம் பருமனாகத் தெரிந்தது. யாரோ திரையைப் பெரிதாக்கி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தாள். அதற்குள் லாரிக்காரர் போனில் வழி கேட்டார். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டே சான்றிதழ்களின் விவரத்தைக் கொண்டுவந்து சேர்த்து, அச்சுக்கு அனுப்பிவிட்டாள்.

பிரிண்டர் டெஸ்டிங் அறையில் இருந்தது. டெஸ்டிங் பொறுப்பாளர் இல்யாஸ் பாய் அங்கேயே தாள்களை எடுத்து, கையெழுத்துப் போட்டு, ஃபைலில் அடுக்கி, நேராக இன்ஜினியரிடம் கொடுத்துவிடுவார். அதுதான் வழக்கம்.

கொஞ்ச நேரத்தில் இன்ஜினியரே ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஆபீசுக்குள் வந்துவிட்டார்.

"மேடம், பம்பெல்லாம் நல்லா ஓடுதுங்க. அதுல ஒரு குறையும் இல்லீங்க. இதுதான் இடிக்குது," என்று ஃபைலைத் திறந்து வைத்தார்.

சண்முகப்பிரியா பார்த்தாள். சான்றிதழின் தலைப்பு, லெட்டர்ஹெட்டில் இருக்கும் கம்பெனி முகவரியோடு உரசிக்கொண்டு நின்றது. எழுத்து பெரிதாகவும் வரிகளுக்கு நடுவே இடைவெளி தாராளமாகவும் இருந்ததால் அட்டவணை பக்கம் முழுக்க நிறைந்திருந்தது. தாளைத் திருப்பினால், இரண்டாவது தாளில் ஒன்றுமே இல்லை. மேலே ஒரு ஓரத்தில் 'சோதித்தவர்' என்ற ஒரு வரி, அதன்மேல் இல்யாஸ் பாயின் கையெழுத்து. அவ்வளவுதான்.

எல்லாச் சான்றிதழும் அப்படியே இருந்தது.

"ரிசல்ட் பூரா ஒரு தாள்ல, கையெழுத்து மட்டும் தனியா இன்னொரு தாள்ல இருக்குதுங்க. நாளைக்கு இந்தக் கையெழுத்துத் தாளை எந்தப் பம்போட சர்டிபிகேட்டோட வேணும்னாலும் சேத்து வெச்சுக்கலாமுங்களே. நான் எப்படிங்க சீல் வெக்கறது?"

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அவர் இடத்தில் இருந்தால் அவளும் அதைத்தான் சொல்லியிருப்பாள்.

"சரி பண்ணிக் குடுத்தர்றேனுங்க சார்."

"பக்கத்துல இன்னொரு கம்பெனி பாக்கோணும். அதை முடிச்சுட்டுச் சாப்பாட்டுக்கு அப்பறம் வாரேன். அதுக்குள்ள ஆச்சுன்னா எனக்கும் நல்லதுங்க. அந்த ஊர்க்காரங்க தினம் போன் பண்றாங்க," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

சண்முகப்பிரியா மறுபடியும் ஒரு புதுப் பக்கத்தைத் திறந்தாள். இப்போது நிதானமாகப் பார்த்தாள். திரை பெரிதாகவில்லை. பக்கமே மாறியிருந்தது.

கல்யாணமாகி வந்த புதிதில் அவள் செய்த முதல் வேலைகளில் ஒன்று அது. அப்போதெல்லாம் ஒவ்வொரு கடிதத்துக்கும் தட்டித் தட்டி வரியை இறக்கி, அச்சடித்துப் பார்த்து, திரும்பவும் இறக்குவார்கள். அவள் ஸ்கேலை வைத்து லெட்டர்ஹெட்டை அளந்தாள். மேலே இவ்வளவு, கீழே இவ்வளவு, இன்ன எழுத்து, இன்ன அளவு என்று தீர்மானித்து, எந்தப் புதுப் பக்கம் திறந்தாலும் இப்படித்தான் திறக்க வேண்டும் என்று டிஃபால்ட்டாக வைத்துவிட்டாள். அதன்பிறகு அந்த ஆபீசில் யாரும் மார்ஜினைப் பற்றி யோசித்ததே இல்லை. அவள் வைத்தது என்பதும் எல்லாருக்கும் மறந்துபோயிருந்தது.

ஷெட்டுக்குள் போனாள். அருள்குமார் பம்புக்குள் சுழலும் இம்பெல்லர் ஒன்றைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏனுங்க, ஆபீஸ் கம்ப்யூட்டர்ல எழுத்தெல்லாம் மாத்துனது யாருங்க?"

அவன் இம்பெல்லரைக் கீழே வைத்தான். "வர்ஷினி சனிக்கிழமை கேட்டா. லெட்டரெல்லாம் பழைய மாதிரி இருக்குது, எழுத்து பொடிசா இருக்குது, மாத்தட்டுங்களா மாமான்னா. செய்யின்னு சொன்னேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலீங்களே."

"சொன்னா நீ வருத்தப்படுவீன்னு..."

"இப்ப மட்டும் சந்தோசமாவா நிக்கறேன்?"

குரலை உயர்த்தாமல்தான் கேட்டாள். அவன் கையில் இருந்த கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டே நின்றான்.

"அவ எங்கீங்க?"

"பல் டாக்டர்கிட்டப் போய்ட்டு வாரேன்னு காத்தாலயே சொன்னா."

போன் செய்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

நாற்காலியில் வந்து உட்கார்ந்து கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஒருத்தி வந்து முழுசாக ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் இப்படி. மெதுவாக அவளே ஒதுங்கிப் போய்விட்டால் நன்றாக இருக்கும் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்ததும் அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆனால் நினைப்பு போகவில்லை.

எழுத்துருப் பெட்டியைத் திறந்தாள். பழைய அளவுகள் அவளுக்கு மனப்பாடம். எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக இட்டு டிஃபால்ட் பொத்தானை அழுத்தினாள். இந்த ஆவணத்துக்கு மட்டுமா, இனித் திறக்கும் எல்லாவற்றுக்குமா என்று அது கேட்டது. வர்ஷினியிடமும் சனிக்கிழமை இதே கேள்வியைத்தான் கேட்டிருக்கும். எல்லாவற்றுக்கும் என்று அவள் அழுத்தியிருக்கிறாள்.

சண்முகப்பிரியாவின் விரலும் அங்கேதான் போனது.

"அம்மணி, வேலையா இருக்கீங்களா?"

இல்யாஸ் பாய் வாசலில் நின்றுகொண்டிருந்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றி வைத்திருந்தார். அந்தக் கம்பெனி தொடங்கிய காலத்திலிருந்து இருக்கிற மனிதர்.

"வாங்க பாய். மறுபடியும் எல்லாத்துலயும் கையெழுத்துப் போடோணும். செரமம்தான் உங்களுக்கு."

"அது கெடக்குதுங்க. ஒண்ணு சொல்லலாமுங்களா? எழுத்தை மட்டும் மறுபடியும் பொடிசாக்கிப் போடாதீங்க."

அவள் மவுஸிலிருந்து கையை எடுத்தாள்.

"பல்லடம் கோழிப்பண்ணைக்கு ஒரு பம்பு மாத்திப் போச்சுங்களே, ஞாபகமிருக்குதுங்களா? ஆனி மாசம். அது நம்ம பசங்க தப்பில்லீங்க. சர்டிபிகேட்ல இருந்த எட்டை மூணுன்னு படிச்சது நான்தான். பழைய எழுத்து எனக்கு இப்பச் சரியாத் தெரியறதில்லீங்க. போன வாரம் சின்ன அம்மணி ஷெட்டுக்கு வந்து, 'பாய், இந்தத் தாளுக உங்களுக்குத் தோதா இருக்குதுங்களா'ன்னு கேட்டாங்க. கேட்டதனால சொன்னேன்."

"இத்தனை நாள் எங்கிட்ட ஏன் பாய் சொல்லலை?"

அவர் கொஞ்சம் தயங்கினார். "நீங்க பாத்துப் பாத்து வெச்சதுங்க. அதை மாத்தச் சொன்னா வருத்தப்படுவீங்களோன்னு இருந்துட்டனுங்க."

ஒரே காலையில் இரண்டாவது தடவையாக அந்த வார்த்தையைக் கேட்டாள். முதலில் கேட்டபோது வலித்தது. இப்போது அதையும் மீறி யோசிக்க வைத்தது. தான் வருத்தப்படுவேன் என்று பயந்து எத்தனை பேர் எதையெல்லாம் சொல்லாமல் வைத்திருக்கிறார்கள்? யாரையும் அவள் கடிந்து ஒரு சொல் சொன்னதில்லை. ஆனால் முகத்தில் எதையோ காட்டியிருக்க வேண்டும்.

திரையில் அந்தக் கேள்வி அப்படியே நின்றது. ரத்து செய்தாள்.

"பொடிசாக்கலீங்க பாய். போய் டீ குடிச்சுட்டு வாங்க," என்றாள்.

அவர் போன கொஞ்ச நேரத்தில் வாசலில் ஸ்கூட்டர் நின்றது. வர்ஷினி கிட்டத்தட்ட ஓடி வந்தாள். இஸ்திரி போட்ட வெளிர் நீலச் சுடிதார், இறுக்கிக் கட்டிய முடி. தோள்பையின் வாரில் ஒரு வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. ஏதோ ஒரு கட்டடத்தில் பார்வையாளர்களுக்கு ஒட்டிவிடுகிற ஸ்டிக்கர். எந்தப் பல் டாக்டர் இதையெல்லாம் ஒட்டுகிறார்? சண்முகப்பிரியா பார்த்தாள்.

"அக்கா, இப்பத்தான் உங்க மிஸ்டு கால் பாத்தேன். அருள் மாமாகிட்டக் கேட்டேன். விசயத்தைச் சொன்னாங்க. சாரிங்க்கா." மூச்சு வாங்கியது அவளுக்கு. "எழுத்து மட்டும்தான் பெருசாகும்னு நெனச்சேன். சர்டிபிகேட்ல கையெழுத்து அடுத்த தாளுக்குப் போயிரும்னு எனக்குத் தோணலீங்க்கா."

"கேட்டிருந்தா சொல்லிருப்பேன்."

"கேட்டிருக்கோணுமுங்க. தப்புத்தான்." பையிலிருந்து லேப்டாப்பை எடுத்தாள். "நீங்க வெச்ச பழைய செட்டிங்கை அழிக்கலீங்க்கா. காப்பி எடுத்து வெச்சிருக்கேன். அதையே திருப்பிப் போட்டறலாம். அஞ்சு நிமிசம் போதும்."

அழிக்காமல் வைத்திருக்கிறாள் என்று கேட்டதும் சண்முகப்பிரியாவுக்குக் கோபம் பாதி தணிந்தது.

"வேண்டாம். இல்யாஸ் பாய்க்கு எழுத்துத் தெரியோணும். பெருசாவே இருக்கட்டும். ஆனா ஒரே தாள்ல அடங்கோணும். உக்காரு," என்று பக்கத்து நாற்காலியை நகர்த்தினாள்.

இருவரும் ஒரே திரையைப் பார்த்து உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

வர்ஷினி வேகமாக வேலை செய்தாள். ஒவ்வொரு வரிக்கும் பின்னால் தானாக விழுந்துகொண்டிருந்த இடைவெளியை எடுத்தாள். சண்முகப்பிரியா சொல்லச் சொல்ல மேல் மார்ஜினை லெட்டர்ஹெட்டுக்குத் தக்கபடி இறக்கினாள். அப்படியும் கையெழுத்து வரி இரண்டாம் பக்கத்தில்தான் நின்றது.

"எழுத்தை ஒரு புள்ளி குறைக்கலாமுங்களா அக்கா?"

"பொறு." சண்முகப்பிரியா அட்டவணையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி நெடுவரிசைக்கு 'குறிப்பு' என்று தலைப்பு. எல்லா வரியிலும் 'சரி', 'சரி' என்றே இருந்தது. வேறெதுவும் அதில் எழுதியதாக அவளுக்கு நினைவில்லை. லெட்டர்ஹெட்டில் ஏற்கெனவே அச்சாகியிருக்கும் முகவரி, தலைப்புக்குக் கீழே இன்னொரு தடவை வந்திருந்தது. இரண்டும் அவளே போட்டவை. ஏன் போட்டோம் என்று யோசித்துப் பார்த்தாள். தெரியவில்லை.

"இந்த ரெண்டையும் எடுத்துரு."

"நீங்க போட்டதுங்களே அக்கா?"

"நான் போட்டதுதான். எடுத்துரு."

எடுத்ததும் அட்டவணை அகலத்தில் தாராளமானது. இரண்டு வரியாக மடிந்து கிடந்தவையெல்லாம் ஒரே வரியில் நிமிர்ந்தன. கையெழுத்து மேலே ஏறி முதல் பக்கத்தில் வந்து நின்றது.

"இன்னொண்ணும் பண்ணிரலாமுங்க்கா," என்றாள் வர்ஷினி. "நாளைக்கு அட்டவணை நீளமாகி அடுத்த பக்கத்துக்குப் போனாலும் கையெழுத்துத் தனியாப் போகக் கூடாதில்லீங்களா? கடைசி வரியையும் கையெழுத்தையும் ஒட்டுக்காக் கட்டி வெக்கறதுக்கு இதுல வழி இருக்குதுங்க. அப்பறம் ஒண்ணு போனா இன்னொண்ணும் கூடவே போகும்."

அப்படி ஒன்று இருப்பது சண்முகப்பிரியாவுக்கு இத்தனை வருஷம் தெரியாது. பார்த்து வைத்துக்கொண்டாள்.

"டிஃபால்ட்டை என்னங்க்கா பண்றது? உங்களுதா, என்னுதா?"

"லெட்டருக்கு உன்னுது இருக்கட்டும். மார்ஜினை மட்டும் நம்ம லெட்டர்ஹெட்டுக்குச் சரி பண்ணிரு. சர்டிபிகேட்டுக்குத் தனியா ஒரு டெம்ப்ளேட் போட்டு வெச்சுக்கலாம். எல்லாத்தையும் ஒரே அச்சுல வாக்கப் பாத்ததுனாலதான் இவ்வளவும்."

சாப்பாட்டு நேரம் தாண்டி இன்ஜினியர் வந்தபோது ஃபைல் தயாராக இருந்தது. அவர் நின்றுகொண்டே புரட்டினார். பிறகு உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சீல் வைத்தார். "படிக்கச் சுலுவா இருக்குதுங்க. இதையே எல்லாத்துக்கும் வெச்சுக்கங்க," என்று சொல்லிவிட்டு, கொடுத்த டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினார். இல்யாஸ் பாய் ஒரு தாளைக் கையை நீட்டிப் பிடித்துக் கண்ணாடி இல்லாமல் படித்துப் பார்த்ததை சண்முகப்பிரியா கதவிடுக்கு வழியாகப் பார்த்தாள்.

லாரி கிளம்பித் தெருமுனையில் திரும்பியது. அருள்குமார் ஆபீசுக்குள் தலையை நீட்டினான்.

"சண்மு, அடுத்த தடவை உங்கிட்டத்தான் மொதல்ல சொல்லுவேன்."

"சொல்லுங்க. வருத்தப்பட்டாலும் பரவால்ல, சொல்லுங்க," என்றாள். அவன் தலையை ஆட்டிவிட்டுப் போனான்.

ஆபீசில் இருவர் மட்டும் இருந்தார்கள். வர்ஷினி லேப்டாப்பைப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். சண்முகப்பிரியா கையை நீட்டி, பை வாரில் இருந்த ஸ்டிக்கரை மெல்ல உரித்து எடுத்தாள்.

வர்ஷினியின் முகம் வெளுத்துப்போனது.

"பல் எப்படி இருக்குது?"

அவள் பையைக் கீழே வைத்தாள். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"பழைய கம்பெனியில திருப்பிக் கூப்பிடறாங்க்கா. இன்டர்வியூ இங்க அவங்க பீளமேட்டு ஆபீஸ்லதான் வெச்சாங்க. வேலை பெங்களூர்ல. காத்தால பேசி முடிச்சாச்சு. இந்த வாரத்துக்குள்ள பதில் சொல்லோணும்."

"கவினுக்குத் தெரியுமா?"

"இன்னும் சொல்லலீங்க்கா. நீங்களும் சொல்லிராதீங்க."

"இங்க என்ன குறை கண்ணு உனக்கு?"

"குறை ஒண்ணுமில்லீங்க. எல்லாரும் நல்லாத்தான் பாத்துக்கறீங்க." சுடிதார் ஓரத்தை விரலால் சுருட்டினாள். "எனக்கு இங்க மேசை இருக்குதுங்க்கா. வேலை இல்லை. எதைத் தொட்டாலும் நீங்க முன்னாடியே செஞ்சு வெச்சிருக்கீங்க. சனிக்கிழமை அந்த எழுத்தை மாத்துனப்பத்தான், வந்ததுலருந்து நானா ஒண்ணு செஞ்ச மாதிரி இருந்துது. இன்னிக்கு அதுவும் இப்படி ஆயிப்போச்சு. மூஞ்சி கழுவிட்டு வாரேனுங்க்கா."

எழுந்து பின்பக்கம் போனாள்.

காலையில் இவள் ஒதுங்கிப் போனால் நல்லது என்று நினைத்ததே சண்முகப்பிரியாதான். கேட்டது கைக்கு வந்தாயிற்று. ஆனால் அது இனிக்கவில்லை. இரண்டு பேராகச் சேர்ந்து ஒரு வேலையை முடித்த அந்த மதியம், இந்த ஆபீசில் அவள் தனியாகக் கழித்த எத்தனையோ மதியங்களைவிட லேசாக இருந்தது. அதை அந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

வாசலில் பைக் நிற்கும் சத்தம் கேட்டது. கவின் ஒரு பேக்கரிப் பொட்டலத்தோடு உள்ளே வந்தான். பல்லடம் டீலரைப் பார்த்துவிட்டு வெயிலில் வந்த முகம், ஆனால் சிரிப்பு நிறைந்திருந்தது.

"அண்ணி, லாரி போயிருச்சுன்னு அண்ணன் சொன்னாரு. நல்லதாப் போச்சுங்க. எங்கிட்டயும் ஒரு நல்ல சேதி இருக்குது." சுற்றும் முற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "கிணத்துக்கடவுல சர்வீஸ் சென்டர் போடறதுக்கு அப்பா நேத்து ராத்திரிதான் ஒத்துக்கிட்டாருங்க. வர்ஷினிதான் முழுப் பொறுப்பும் பாக்கப்போறா. இன்னிக்குக் காத்தால இடத்துக்கு முன்பணமும் குடுத்தாச்சு."

"அவகிட்டக் கேட்டியா தம்பி?"

"எங்கீங்க கேக்கறது? வர்ற வெள்ளிக்கிழமை அவளுக்குப் பொறந்த நாளு. அன்னிக்குச் சாவியைக் கையில குடுத்துச் சொல்லலாம்னு இருக்கேன். அதுவரைக்கும் நீங்களும் மூச்சுடாதீங்க அண்ணி."

சண்முகப்பிரியா அவன் முகத்தையே பார்த்தாள். ஒருத்தி சொல்லாதே என்கிறாள். ஒருத்தன் மூச்சு விடாதே என்கிறான். இரண்டு பேரும் மற்றவர் மனசை நினைத்துத்தான் ஒளித்து வைத்திருக்கிறார்கள். வாயை மூடிக்கொண்டிருந்தால் யாரும் அவளைக் குறை சொல்ல மாட்டார்கள். வெள்ளிக்கிழமை வந்து எல்லாம் உடைகிற வரைக்கும் வீடு அமைதியாக இருக்கும்.

பின்கதவு திறந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்த வர்ஷினி, கவினைக் கண்டதும் நின்றாள். அவள் கண்கள் சண்முகப்பிரியாவைத் தேடின. கவினும் அவளைத்தான் பார்த்தான், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

சண்முகப்பிரியா எழுந்து போய் ஆபீஸ் கதவைச் சாத்தினாள். இரண்டு நாற்காலிகளை எதிரெதிரே இழுத்துப் போட்டாள்.

"ரெண்டு பேரும் உக்காருங்க. யாரு மொதல்ல சொல்றீங்க?" என்றாள்.